மண்டையோட்டில் சாதியைத் தேடியவர்களும் நாமும்

கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு 2025-இல் முகம் கொடுத்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை அது. படம் வந்ததும் பேச்சு எங்கே போனது என்று நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இது எந்த இனத்தின் முகம், அந்த மூக்கு யாருடைய மூக்கு, ‘பார்த்தாலே தெரியுதே, எங்க ஆளுதான்’ என்று ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். ஆண்ட பரம்பரை பேசுகிறவர்கள் அப்படிப் பேசியதில் வியப்பில்லை. நம் தோழர்கள் சிலரும் ‘மண்ணின் பூர்வகுடி நாங்களே, மண்டையோடே சாட்சி’ என்று பகிர்ந்ததுதான் எங்களை இதை எழுத வைத்தது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மண்டையோட்டில் சாதி இல்லை. அங்கே போய் நம் பெருமையைத் தேடினால், நம்மை இழிவுபடுத்தச் செய்த அளவுகோலை நாமே கையில் எடுத்தவர்கள் ஆவோம். அதே நேரம், மண்டையோட்டைப் படிக்காமலும் இருக்கக் கூடாது. வன்கொடுமை வழக்குகளோடு காவல் நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் பிணவறைக்கும் அலைகிற நமக்கு அந்தப் படிப்பு தேவை. இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் எலும்பைத் தெரிந்துகொள்வோம்

மண்டையோடு ஒரே எலும்பு என்றுதான் பலர் நினைக்கிறோம். வளர்ந்த மனிதரின் மண்டையோட்டில் 22 எலும்புகள் இருக்கின்றன. மூளையைப் பெட்டிபோல மூடியிருப்பவை 8. முகத்தை உருவாக்குபவை 14.

நெற்றியில் இருப்பது நுதலெலும்பு; மருத்துவமனைத் தாளில் ஃப்ராண்டல் என்று எழுதுவார்கள். உச்சந்தலையின் இரு பக்கமும் சுவர்போல நிற்பவை பெரைட்டல் எலும்புகள் இரண்டு. காதைச் சுற்றியும் பொட்டுப் பகுதியிலும் இருப்பவை டெம்போரல் எலும்புகள் இரண்டு. பின்மண்டையில் பிடரெலும்பு, அதாவது ஆக்ஸிபிடல். கண்களுக்குப் பின்னால் வௌவால் இறக்கை விரித்ததுபோலக் கிடப்பது ஸ்ஃபீனாய்டு. இரு கண்களுக்கு நடுவில், மூக்கின் கூரையில் சல்லடைபோலத் துளைகளோடு இருப்பது எத்மாய்டு. வாசனையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பிழைகள் அந்தத் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. ஆக எட்டு.

முகத்தில் மேல்தாடை எலும்பு 2, கன்ன எலும்பு 2, மூக்கெலும்பு 2, கண்ணின் உள்மூலையில் கண்ணீர் எலும்பு 2, வாயின் மேற்கூரையில் அண்ண எலும்பு 2, மூக்குக்குள் சுருண்டு கிடப்பவை 2, மூக்கை இரண்டாகப் பிரிக்கும் தடுப்பில் வோமர் 1, கீழ்த்தாடை 1. ஆகப் பதினான்கு. காதுக்குள் பக்கத்துக்கு மூன்றாக இருக்கும் குட்டி எலும்புகளும், நாக்குக்கு அடியில் வேறு எந்த எலும்போடும் சேராமல் தொங்கும் ஹயாய்டும் இந்தக் கணக்கில் வராதவை.

இனி மூட்டுகள். மண்டையோட்டின் பெரும்பாலான எலும்புகள் கிழிந்த துணியை நெருக்கித் தைத்ததுபோல வளைந்து நெளிந்த கோட்டில் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கின்றன. அதனால்தான் அவற்றுக்குத் தையல் மூட்டுகள் என்று பெயர். நெற்றிக்குப் பின்னால் காதுக்குக் காது போகும் தையல் கரோனல். உச்சியில் முன்னும் பின்னுமாக ஓடுவது சஜிட்டல். பின்மண்டையில் கவிழ்த்த ‘வி’ எழுத்தைப்போல இறங்குவது லாம்டாய்டு. காதுக்கு மேலே வளைந்து போவது ஸ்குவாமஸ். பெரியவர்களில் இவை அசையாதவை. மண்டையோட்டு எலும்புகளுக்கு இடையில் தாராளமாக அசையும் மூட்டு பக்கத்துக்கு ஒன்றாகக் காதுக்கு முன்னால் இருக்கிறது. கீழ்த்தாடை டெம்போரல் எலும்போடு சேரும் இடம் அது. நாம் மெல்வதும் பேசுவதும் முழக்கம் போடுவதும் அந்த மூட்டால்தான். அதற்கும் கீழே, பிடரெலும்பின் அடியில் ஒரு பெரிய துளை. அதன் வழியாகத்தான் மூளையின் தண்டு முதுகுக்குள் இறங்குகிறது. துளையின் இரு பக்கமும் உள்ள முண்டுகள் கழுத்தின் முதல் எலும்பின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. ‘ஆமாம்’ என்று தலையை மேலும் கீழும் ஆட்டுவது அந்த மூட்டில். ‘இல்லை’ என்று பக்கவாட்டில் ஆட்டுவது கழுத்தின் முதல் எலும்புக்கும் இரண்டாம் எலும்புக்கும் இடையில்.

குழந்தை பிறக்கும்போது இந்தத் தையல்கள் மூடியிருப்பதில்லை. பிறப்பு வழி குறுகலானது என்பதால் மண்டை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறிக்கொண்டு குழந்தையை வெளியே விடுகின்றன. எலும்புகள் சேராத இடங்களில் பெரியதைத்தான் நாம் உச்சிக்குழி என்கிறோம். பின்பக்கக் குழி சில மாதங்களில் மூடிவிடும். முன்பக்கக் குழி பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் மூடும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தைக்கு உச்சிக்குழி உள்ளே அமுங்கும். அப்போது காத்திருக்கக் கூடாது. இரண்டு வயதைத் தாண்டியும் மூடவில்லை என்றால் வைட்டமின் டி குறைபாடோ தைராய்டு குறைபாடோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கன்வாடிகளோடு வேலை செய்கிற தோழர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இந்த விவரங்களில் எங்காவது வருணம் வருகிறதா? வாயில் பிறந்தவர், தோளில் பிறந்தவர், தொடையில் பிறந்தவர், காலில் பிறந்தவர் என்று புருஷ சூக்தம் பிரித்த மனிதர்கள் எல்லோரும் மேலே சொன்ன அதே குறுகிய வழியில்தான், தலை எலும்புகள் நெருங்கி மடங்க, பிறந்திருக்கிறார்கள்.

அளவுகோலோடு வந்தவர்கள்

சாஸ்திரம் சொன்னதை அறிவியலாக நிரூபிக்கலாம் என்று ஒரு காலம் வந்தது. 1840-களில் சுவீடனின் ஆண்டர்ஸ் ரெட்சியஸ் தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து, நூறால் பெருக்கி, மனிதர்களை நீள்தலையர், குறுந்தலையர் என்று பிரித்தார். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சாமுவேல் மார்ட்டன் உலகம் முழுவதிலிருந்தும் மண்டையோடுகளைச் சேர்த்து, முதலில் விதைகளையும் பிறகு ஈயக் குண்டுகளையும் உள்ளே கொட்டி அளந்து, இனங்களுக்கு ஏற்றத்தாழ்வு கற்பித்தார். அவருடைய நூல் 1839-இல் வந்தது. அவர் சேர்த்த மண்டையோடுகளில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களுடையவையும் உண்டு. அவற்றை வைத்திருந்த பென் அருங்காட்சியகம் 2021-இல் மன்னிப்புக் கேட்டது.

இந்தியாவில் இந்த வேலையைச் செய்தவர் ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கிலேய அதிகாரி. அவர் பெரிதும் நம்பியது மூக்கை. மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்குவது; 70-க்குக் கீழே வந்தால் குறுகிய மூக்கு, 85-க்கு மேலே போனால் அகன்ற மூக்கு. ஒரு சாதியின் சராசரி மூக்கு குறுகக் குறுக அதன் சமூகத் தகுதி உயர்கிறது என்று அவர் எழுதினார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அவர்தான் ஆணையர். அந்தக் கணக்கெடுப்பில் சாதிகளை மேல் கீழாக வரிசைப்படுத்த முயன்றதும், ‘எங்களை மேலே போடு’ என்று சாதிச் சங்கங்கள் மனுக்களோடு குவிந்ததும் சமூகவியல் மாணவர்கள் அறிந்த கதை.

சென்னையில் அந்த வேலையை எட்கர் தர்ஸ்டன் செய்தார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர். அளவுகோலோடு நம் ஊர்களில் அலைந்து தலைகளையும் மூக்குகளையும் அளந்தார். ரங்காச்சாரியோடு சேர்ந்து அவர் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலை இன்றும் எத்தனையோ ஆய்வேடுகளில் வேதவாக்குபோல மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் நம் முன்னோர் மனிதர்களாக வருவதைவிட அளவுகளாகவும் வினோதங்களாகவும் வருவதே அதிகம்.

எலும்பைத் தெரிந்துகொண்ட பிறகு ரிஸ்லியின் கணக்கைப் பாருங்கள். மூக்கெலும்பு என்பது புருவங்களுக்குக் கீழே இருக்கும் இரண்டு சிறு பட்டைகள். மூக்கின் மீதிப் பகுதி குருத்தெலும்பும் தசையும் தோலும்தான். அதனால் மண்டையோட்டில் மூக்கு இருந்த இடத்தில் ஒரு ஓட்டைதான் மிஞ்சுகிறது. மூக்கின் அகலமும் வெப்பத்தோடும் ஈரப்பதத்தோடும் சேர்ந்து மாறுகிறது என்று 1923-லேயே தாம்சனும் பக்ஸ்டனும் காட்டினார்கள். தலையின் வடிவமும் நிலையானதல்ல. பல்லாயிரம் குடியேறிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் நியூயார்க்கில் அளந்த ஃபிரான்ஸ் போவாஸ், அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் தலையளவு பெற்றோரிடமிருந்து மாறுவதைக் கண்டார். குழந்தையை எப்படிப் படுக்க வைக்கிறோம் என்பதுகூடத் தலையின் வடிவத்தை மாற்றும். குளிப்பாட்டும்போது ‘தலை உருண்டையா வரட்டும்’ என்று பிடித்துவிடும் நம் பாட்டிமாருக்கு இது தெரியும். ரிஸ்லிக்குத் தெரியவில்லை.

ஐராவதி கார்வேயையும் இங்கே நினைக்க வேண்டும். பெர்லினில், பின்னாளில் நாஜிகளோடு கைகோத்த ஆய்கன் ஃபிஷரின்கீழ் மண்டையோடுகளை ஆராயப் போனவர் அவர். மண்டையோட்டின் இடதும் வலதும் சமமில்லாமல் இருப்பதற்கும் இனத்துக்கும் தொடர்பு இல்லை என்பதுதான் அவருக்குக் கிடைத்த முடிவு. ஆசிரியர் எதிர்பார்த்தது வேறு.

அண்ணல் அந்தக் கணக்கை எப்படிப் படித்தார்

போவாஸ் பேராசிரியராக இருந்த கொலம்பியா பல்கலைக்கழகத்தில்தான் 1916-இல், போவாஸின் மாணவர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், அண்ணல் அம்பேத்கர் சாதியின் தோற்றம் பற்றிய கட்டுரையைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 25. மேலை அறிஞர்கள் சாதியில் நிறத்துக்கும் இனத்துக்கும் தேவைக்கு மேல் இடம் கொடுத்துவிட்டார்கள் என்பது அன்றே அவர் வைத்த விமர்சனம். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்றார். 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் இன்னும் தெளிவாகக் கேட்டார்: பஞ்சாப் பார்ப்பனருக்கும் சென்னைப் பார்ப்பனருக்கும் இன அளவில் என்ன ஒற்றுமை? பஞ்சாப் பார்ப்பனருக்கும் பஞ்சாப் சமாருக்கும் இன அளவில் என்ன வேற்றுமை?

1948-இல் தீண்டப்படாதோரின் தோற்றம் பற்றி எழுதிய நூலில் அவர் செய்தது நமக்குப் பெரிய பாடம். மூக்களவுக் கணக்கு பொய் என்று ஒரே வரியில் அவர் தள்ளிவிடவில்லை. சமூகவியலர் குர்யே 1932-இல் தொகுத்த அந்த அளவுகளையே எடுத்து வைத்துக்கொண்டு, வரிசை வரிசையாக ஒப்பிட்டார். இந்த அளவுகளை நம்புவதாக இருந்தால் பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம் என்றுதான் முடிவு வரும். பார்ப்பனர் ஆரியர் என்றால் தீண்டப்படாதாரும் ஆரியர், பார்ப்பனர் திராவிடர் என்றால் தீண்டப்படாதாரும் திராவிடர் என்றார். எதிரி கொண்டுவந்த அளவுகோலாலேயே அவன் வாதத்தை உடைத்தார். தீண்டாமைக்கான காரணத்தை அவர் உடலில் தேடவில்லை. சிதறுண்ட மக்கள், பௌத்தம், மாட்டிறைச்சி என்று வரலாற்றில் தேடினார். அந்த விளக்கத்தோடு ஒருவர் உடன்படலாம், மாறுபடலாம். எங்கே தேட வேண்டும் என்பதில் அவர் காட்டிய திசை சரியானது.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: அயோத்திதாசப் பண்டிதரும் நம்மைப் பூர்வகுடி என்றுதானே சொன்னார்? சொன்னார். தர்ஸ்டனின் நூல் வெளிவந்த அதே ஆண்டுகளில், அதே சென்னையில்தான் பண்டிதர் ‘தமிழன்’ இதழை நடத்தினார். அது 1907-இல் தொடங்கியது. பூர்வ பௌத்தர் என்ற தன் வாதத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றுகள் இலக்கியம், சொற்பொருள், பண்டிகை, வழக்காறு, அறம். யாருடைய மண்டையையும் அவர் அளக்கவில்லை. நம் மரபு இது. அளவுகோல் நம் மரபு அல்ல.

நாளைக்கு ஆதிச்சநல்லூரிலோ கொந்தகையிலோ கிடைத்த எலும்புகளின் மரபணு வரிசை வெளிவரும். வரட்டும், அது அறிவியல், நாம் அதற்கு எதிரிகள் அல்லர். இந்திய மக்களிடையே பெரும் கலப்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை நடந்தது என்றும், அதற்குப் பிறகு அகமணம் இறுகிப்போனது என்றும் 2013-இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று சொன்னது. கலந்து வாழ்ந்தவர்களைப் பிரித்தது சாதி என்றுதான் அதற்குப் பொருள். அதை விட்டுவிட்டு ‘எங்கள் இரத்தமே தூயது’ என்று நாமும் கிளம்பினால், தூய்மை என்ற சொல்லால் நூற்றாண்டுகளாக அடிபட்டவர்கள் அந்தச் சொல்லையே தலைமேல் தூக்கி வைத்ததாகும். நிலமும் உரிமையும் கேட்க நமக்கு 2,500 ஆண்டு மண்டையோடு எதற்கு? இன்று உயிரோடு இருக்கிறோம், இந்த நாட்டின் குடிமக்கள் என்பதே போதும்.

பாடம் நடத்திய எலும்புகள் யாருடையவை

மருத்துவ மாணவர்களின் முதலாண்டுப் பெட்டியில் இருந்த மண்டையோடு எங்கிருந்து வந்தது? 1985 வரை உலகத்தின் மருத்துவக் கல்லூரிகளுக்கு மனித எலும்புக்கூடுகளை அதிகமாக அனுப்பிய நாடு இந்தியா. கல்கத்தாதான் அந்த வணிகத்தின் மையம். அங்கே சுடுகாட்டு வேலைக்குத் தள்ளப்பட்டிருந்த டோம் சாதியினர் பிணங்களை எடுத்து, எலும்பைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். லாபம் ஏற்றுமதியாளர்களுக்குப் போனது, தீட்டு டோம்களுக்கு மிஞ்சியது. குழந்தைகளின் எலும்புக்கூடுகள் பெருமளவில் ஏற்றுமதியானது வெளியே தெரிந்து கொந்தளிப்பு ஏற்பட்ட பிறகு, 1985-இல் அரசு தடை போட்டது.

சட்டப்படி கிடைத்த உடல்களின் கதையும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை. இங்கிலாந்தில் 1832-இல் வந்த உடற்கூற்றுச் சட்டம், ஏழைகள் விடுதியில் உரிமை கோர ஆளில்லாமல் இறந்தவர்களை அறுவைக் கூடத்துக்கு அனுப்பியது. அதே வழியில் பம்பாயில் 1949-இலும் சென்னையில் 1951-இலும் சட்டங்கள் வந்தன. உரிமை கோரப்படாத உடல் என்றால் யாருடைய உடல்? வீடற்றவர், புலம்பெயர்ந்த கூலித் தொழிலாளி, அடக்கம் செய்யக் காசில்லாத குடும்பம். உயிரோடு இருந்தபோது தொடக் கூடாதவர் என்று ஒதுக்கப்பட்டவர், இறந்த பிறகு மருத்துவராகப் போகிறவருக்கு ஆசிரியர் ஆகிறார். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

பிணத்தைத் தொடுவது தீட்டு என்ற எண்ணம் இந்த நாட்டில் மருத்துவத்தையே முடக்கியது. உடலைத் தண்ணீரில் ஊறவைத்து அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கச் சொன்ன சுஸ்ருத சம்ஹிதை இருந்த நாட்டில்தான், மருத்துவரின் கையால் சோறு உண்ணக் கூடாது என்று மனுஸ்மிருதி எழுதியது. 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்தது பெரும் புரட்சியாகப் பாடப்புத்தகங்களில் வருகிறது. வரட்டும், துணிச்சல்தான். அதற்கு முன்னும் பின்னும் தினந்தோறும் பிணத்தைத் தொட்டு, சுமந்து, எரித்து, புதைத்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? இன்றும் பிரேதப் பரிசோதனை மேசையில் மண்டையோட்டை அறுத்துத் திறக்கும் வேலையைப் பல மருத்துவமனைகளில் யார் செய்கிறார்கள் என்பதைப் பிணவறை வாசலில் நின்ற எவரும் அறிவார்கள். எலும்பை நம்மவர்கள் கைகளால் அறிந்திருந்தார்கள். அந்த அறிவுக்கு மட்டும் சான்றிதழ் கிடைக்கவில்லை.

உடல் தானத்துக்கு நாங்கள் எதிரானவர்கள் அல்லர். மனமுவந்து எழுதிக் கொடுத்த உடலில் படிப்பதுதான் மருத்துவத்துக்கு மரியாதை. வசதியானவர்களும் ஆதிக்க சாதியினரும் முன்வந்து எழுதிக் கொடுக்கட்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

எலும்பு உண்மையில் என்ன சொல்லும்

சாதியைச் சொல்லாத எலும்பு, சாதி செய்ததைச் சொல்லும். குழந்தைப் பருவத்து இரத்தசோகை கண்குழியின் கூரையில் சின்னச் சின்னத் துளைகளாகத் தடம் விடும் என்று எலும்பு ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பசியும் நோயும் பல்லின் எனாமலில் கோடாகப் பதியும். அடி விழுந்தால் விரிசல் சொல்லும். கடைசியாகச் சொன்னதுதான் நம் வேலையோடு நேராகத் தொடர்புடையது.

‘பொட்டில் அடித்தாற்போல’ என்று நாம் சொல்கிறோம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில், நெற்றி எலும்பு, பெரைட்டல், டெம்போரல், ஸ்ஃபீனாய்டு நான்கும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. டெரியான் என்பார்கள். மண்டையோட்டில் மெல்லிய இடம் அது. அதற்கு உள்பக்கமாக ஒரு தமனி ஓடுகிறது. அங்கே கட்டை பட்டு எலும்பு விரிந்தால் தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவில் இரத்தம் சேரும். கொடுமை என்னவென்றால், அடிபட்டவர் மயங்கி எழுந்து நன்றாகப் பேசுவார், தண்ணீர் குடிப்பார், ‘ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறேன்’ என்பார். சில மணி நேரத்தில் வாந்தி, உளறல், நினைவிழப்பு. ஆகவே தலையில் அடிபட்டவர் பேசுகிறார் என்பதற்காக யாரும் அவரை வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். காதிலோ மூக்கிலோ தண்ணீர்போல வடிந்தாலும், இரு கண்களைச் சுற்றிக் கறுத்தாலும், காதுக்குப் பின்னால் கன்றிப்போனாலும் மண்டையின் அடித்தளம் உடைந்திருக்கலாம். உடனே சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது சட்டம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு, முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320, கொடுங்காயம் என்றால் என்ன என்று பட்டியலிடுகிறது. எலும்போ பல்லோ முறிந்தால், அல்லது இடம்பெயர்ந்தால், அது கொடுங்காயம். தலையிலோ முகத்திலோ நிரந்தரமாக உருவம் சிதைந்தாலும் கொடுங்காயம். சாதாரணக் காயத்துக்குத் தண்டனை ஓராண்டு வரை. கொடுங்காயத்துக்கு ஏழாண்டு வரை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது பல நேரங்களில் ஸ்கேன் அறிக்கையின் ஒரே ஒரு வரி.

நாங்கள் உடன் நின்ற வழக்குகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம். சேரியிலிருந்து வந்தவருக்கு இரண்டு தையல், ஒரு ஊசி, ‘சாதாரணக் காயம்’ என்று பதிவேட்டில் ஒரு குறிப்பு. படம் எடுத்திருக்கவே மாட்டார்கள். படத்தில் ஒரு கோடு தெரிந்தால் அது விரிசலா, இயல்பான தையல் மூட்டா என்ற கேள்வி எழும். இது உண்மையான கேள்விதான். மண்டையோட்டின் தையல் கோடுகள் எக்ஸ்ரேயில் விரிசல்போலத் தோன்றக்கூடும், விரிசலைத் தையல் என்று நினைத்து விட்டுவிடவும் கூடும். தையல் கோடு பல்பல்லாக நெளிந்து, தெரிந்த இடத்தில் ஓடும். விரிசல் பெரும்பாலும் நேராக, கூர்மையாக, இருக்கக் கூடாத இடத்தில் ஓடும். முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். கேட்க வேண்டியவர்கள் நாம்: ‘ஐயா, சி.டி. எடுத்தீர்களா? எந்த எலும்பு? முறிவு இருக்கிறதா இல்லையா என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்களா?’

பிணவறையில் இது இன்னும் கனமான விஷயம். மகனை இழந்த தாயின் கையில் பிரேதப் பரிசோதனை அறிக்கையைத் திணிக்கிறார்கள். ஆக்ஸிபிடல், டெம்போரல், மேண்டிபிள் என்று இருக்கும் சொற்கள் அவருக்குப் புரியாது. உடன் நிற்கும் நமக்காவது புரிய வேண்டும். ‘வண்டியிலிருந்து விழுந்தார்’ என்று காவல்துறை சொல்லும்போது, முறிவு எந்த எலும்பில், எத்தனை இடத்தில் என்று படிக்கத் தெரிந்தால்தான் மறுகேள்வி கேட்க முடியும். ‘தூக்குப் போட்டுக்கொண்டாள்’ என்று சொல்லப்படும் சாதி மறுப்புக் காதல் வழக்குகளில் ஹயாய்டு எலும்பைப் பற்றி அறிக்கை என்ன சொல்கிறது என்று பாருங்கள். கழுத்தை நெரித்தால் அது உடையலாம். உடையவில்லை என்பதால் மட்டும் நெரிக்கவில்லை என்று ஆகிவிடாது. இதையும் வழக்கறிஞருக்கு நினைவூட்டுங்கள்.

என்ன செய்யலாம்

மாணவர் தோழர்களுக்குச் சில வேலைகள். உங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு மாலையை மண்டையோட்டுக்கு ஒதுக்குங்கள். பிளாஸ்டிக் மாதிரி ஒன்று போதும். உயிரியல் படிக்கும் தோழர் எலும்புகளைச் சொல்லட்டும், சமூகவியல் படிக்கும் தோழர் ரிஸ்லியையும் தர்ஸ்டனையும் சொல்லட்டும், சட்டம் படிக்கும் தோழர் 116-ஆம் பிரிவைச் சொல்லட்டும். 22 எலும்புகளின் பெயரையும் தமிழிலும் மருத்துவமனை வழக்கிலும் ஒரே தாளில் எழுதி, களத்தில் நிற்கும் தோழர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுங்கள்.

தலையில் அடிபட்ட வழக்கு எதுவானாலும் விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ், ஸ்கேன் அறிக்கை, ஸ்கேன் படம் நான்கையும் கேட்டு வாங்குங்கள். வெறும் அறிக்கையோடு திரும்பாதீர்கள். படம் கையில் இருந்தால் வேறொரு மருத்துவரிடம் காட்டலாம். அடிபட்டவர் சாதிப் பெயர் சொல்லித் தாக்கப்பட்டதை மருத்துவரிடமும் சொல்லச் சொல்லுங்கள்.

மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று. கையில் எடுக்கும் மண்டையோடு ஒரு மனிதருடையது, பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒருவருடையது என்பதை மறக்காதீர்கள். நாளை அவசரப் பிரிவில் சேரியிலிருந்து ஒருவர் தலையில் கட்டோடு வருவார். படம் எடுக்கச் சொல்லுங்கள், முறிந்த எலும்பின் பெயரை முழுதாக எழுதுங்கள். நீங்கள் எழுதும் அந்த ஒரு வரிக்காகத்தான் நாங்கள் வெளியே காத்திருப்போம்.

ஜெய்பீம்.